பட்டனைத் தட்டினாலும் மறையாத குதிரைகள்... ஜப்பானின் ஹிடாகா!

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில், தோமாகோமாய் துறைமுக நகரைத் தாண்டி பசிபிக் கடலை ஒட்டியே தென்கிழக்காகப் போனால் ஹிடாகா வந்துவிடும். வலதுபக்கம் கடல். கோடையில் அந்தக் கரையெங்கும் 'கொம்பு' என்ற கடற்பாசியை நீள நீளமாகக் காயப்போட்டிருப்பார்கள். ஜப்பானியர்களின் சூப்புக்கு ருசி கொடுப்பது அதுதான். இடதுபக்கம் வேலி போட்ட புல்வெளிகள். அவற்றில் குதிரைகள், குதிரைகள், மேலும் குதிரைகள்!

ஜப்பானில் ஆண்டுக்கு 7,000-க்கும் மேற்பட்ட பந்தயக் குதிரைக்குட்டிகள் பிறக்கின்றன. அவற்றில் சுமார் 80 சதவிகிதம் இந்த ஹிடாகா பகுதியில்தான் பிறக்கின்றன. ஹொக்கைடோவின் மற்ற இடங்களைவிட இங்கே பனி குறைவு, கோடையிலும் வெயில் வாட்டாது. பிறகென்ன, குதிரைக்குக் கொண்டாட்டம்தான்.

ஆனால், இப்போது இங்கே வரும் பயணிகளில் பலர் வாழ்க்கையில் ஒருமுறைகூடக் குதிரையைத் தொட்டுப் பார்த்ததில்லை. அப்படியிருந்தும் வேலிக்கு அந்தப்பக்கம் நிற்கும் குதிரையின் அப்பா யார், அம்மாவின் அப்பா யார் என்று மூன்று தலைமுறையைக் கடகடவென ஒப்பிப்பார்கள். எங்கே படித்தார்கள்? கையிலிருக்கும் கேமில்தான்.

1991-ல் ஜப்பானில் 'டெர்பி ஸ்டாலியன்' என்ற வீடியோ கேம் வெளிவந்தது. உருவாக்கியவர் ஹிரோயுகி சோனோபே. வழக்கமான கேம் போல இதில் சுடவோ தாவவோ வேண்டாம். நீங்கள் ஒரு சின்னக் குதிரைப் பண்ணையின் முதலாளி. கையில் கொஞ்சம் பணமும் பெண்குதிரையும் இருக்கும். எந்தப் பொலிகுதிரையோடு சேர்ப்பது என்று முடிவெடுக்க வேண்டும். குட்டி பிறந்ததும் வளர்த்து, பயிற்சி கொடுத்து, பந்தயத்துக்கு அனுப்ப வேண்டும். ஜெயித்தால் அதையே அடுத்த தலைமுறைக்குத் தாயாகவோ தகப்பனாகவோ வைத்துக்கொள்ளலாம். கல்யாணப் பொருத்தம் பார்க்கிற தரகர் வேலைதான், வேறென்ன!

பொருத்தம் பார்ப்பதில் ஒரு கணக்கும் உண்டு. ஒரே மூதாதை ஒரு பக்கம் மூன்றாம் தலைமுறையிலும் மறுபக்கம் நான்காம் தலைமுறையிலும் வந்தால், குட்டியின் ரத்தத்தில் அந்த மூதாதையின் பங்கு 18.75 சதவிகிதம். ஜப்பானியப் பந்தய உலகம் இதை 'அதிசய ரத்த அளவு' என்று கொண்டாடுகிறது. இப்படிச் சேர்த்தால் வேகம் கூடலாம். உடம்பு நோஞ்சானாகவும் ஆகலாம். கேம் ஆடியவர்களுக்கு இது வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். 2016-ல் இதே கேம் மொபைலுக்கும் வந்தது.

2021 பிப்ரவரியில் வந்தது 'உமாமுசுமே'. நிஜப் பந்தயக் குதிரைகள் பள்ளி மாணவிகளாக மறுபிறவி எடுத்து ஓடுகிற, கேட்பதற்கே விசித்திரமான கதை. இங்கேயும் வம்சாவளிதான் விளையாட்டின் உயிர். புதிதாக ஒருத்தியைப் பயிற்சிக்கு எடுக்கும்போது, ஏற்கெனவே வளர்த்த இருவரைப் 'பெற்றோராக' வைக்க வேண்டும். அவர்களிடமிருந்தும் அவர்களுக்கு முந்தையவர்களிடமிருந்தும் குணங்கள் இறங்கும். நல்ல பெற்றோர் இல்லையா? இணையத்தில் வேறொருவர் வளர்த்ததை இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

ரசிகர்கள் விழுந்து விழுந்து செய்கிற ஒரு வேலையைச் சொன்னால் புரியும். ஹரு உரரா என்று ஒரு குதிரை. 1996-ல் ஹிடாகாவின் மிட்சுயிஷியில் பிறந்தது. தெற்கே கோச்சி பந்தயத் திடலில் 113 முறை ஓடியது. ஜெயித்தது எத்தனை? பூஜ்ஜியம்! தோற்றுத் தோற்றே நாடு முழுக்கப் பிரபலமானது. கேமில் இந்தக் குதிரைக்குப் புல்தரையும் ஒத்துவராது, நீண்ட தூரமும் ஒத்துவராது. ஆனால், புல்தரையில் 2,500 மீட்டர் ஓட வேண்டிய 'அரிமா கினென்' என்ற மாபெரும் பந்தயத்தில் ஹரு உரராவை ஜெயிக்க வைத்தே தீருவது என்று ரசிகர்கள் இறங்கிவிட்டார்கள். புல்தரைக் குணமும் நெடுந்தூரக் குணமும் கொண்ட பெற்றோரை முதலில் தலைமுறை தலைமுறையாக உருவாக்குவார்கள். அந்தக் குணங்கள் உரராவுக்கு இறங்கினால்தான் அந்தப் பந்தயத்தில் கொஞ்சமாவது வாய்ப்பு. ஒருமுறை தோற்றால் என்ன, மறுபடி 'ஸ்டார்ட்' பட்டன் இருக்கவே இருக்கிறது.

ஹிடாகாவில் அந்தப் பட்டன் இல்லை. பெண்குதிரை சினையாக இருப்பது சுமார் 11 மாதம். ஒரு ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி. தரோபிரெட் பந்தயக் குதிரைக்குச் செயற்கைக் கருவூட்டலும் கூடாது. நேரில் சேர்ந்து பிறந்த குட்டிக்கு மட்டுமே பதிவு. அதனால் வசந்த காலத்தில், சில வாரக் குட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தாய்க்குதிரை லாரியில் ஏறி அடுத்த பொலிகுதிரையைத் தேடிப் போகும். கேமில் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடிகிற ஒரு தலைமுறைக்கு, இங்கே ஒரு குடும்பத்தின் பல வருட உழைப்பும் கடனும் போகிறது. அந்த உழைப்பில் இந்தியர்களும் இருக்கிறார்கள். உராகாவா ஊரில் ராஜஸ்தான் போன்ற மாநிலங்களிலிருந்து வந்த நூற்றுக்கணக்கானோர், இளங்குதிரைகளைப் பழக்குவது, விடிகாலையில் சவாரிப் பயிற்சி கொடுப்பது என வேலை பார்க்கிறார்கள்.

கணக்கு பலிக்குமா என்றால், நீகாப்பு ஊரில் நிற்கும் ஒகுரி கேப் சிலையைப் பார்க்க வேண்டும். பெரிய வம்சம் என்று யாரும் சொல்லாத குதிரை. சின்ன ஊர்த் திடலான கசமாட்சுவில் ஓடத் தொடங்கி, தேசிய நாயகன் ஆனது. 1990 டிசம்பரில் அது கடைசியாக ஓடி ஜெயித்த அரிமா கினெனைப் பார்க்க நாகயாமா திடலில் கூடியவர்கள் 1,77,779 பேர். ஓய்வுக்குப் பின் பொலிகுதிரையாக நீகாப்புவுக்கு வந்தது. அப்பன் தொட்ட உயரத்தைத் தொட ஒரு பிள்ளைகூடப் பிறக்கவில்லை. 2010-ல் கால் எலும்பு முறிந்து இறந்தது.

ஒகுரி கேப்புக்காவது சிலை. மற்ற குதிரைகள்? கேமில் பண்ணை நிறைந்துவிட்டால், ஓடாத குதிரையைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு அடுத்த குட்டிக்கு இடம் பண்ணலாம். நிஜத்தில் ஒரு குதிரை 25, 30 வருடம் வாழும். பந்தய வாழ்க்கையோ சில வருடங்கள்தான். மிச்ச வருடங்களுக்குத் தீவனம் யார் போடுவது?

1986-ல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியை வென்ற ஃபெர்டினாண்ட், பொலிகுதிரையாக இதே ஹிடாகாவுக்கு விற்கப்பட்டது. எதிர்பார்த்த குட்டிகள் பிறக்கவில்லை. கைமாறி, கடைசியில் 2002-ல் இறைச்சிக்கூடத்துக்குப் போனது. அடுத்த வருடம் செய்தி வெளியானபோது அமெரிக்காவே அதிர்ந்தது. டெர்பி வென்ற குதிரைக்கே இந்தக் கதி என்றால், பெயர் தெரியாதவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

இந்த இடத்தில்தான் கேம் ரசிகர்கள் யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார்கள். உராகாவாவில் பிறந்த நைஸ் நேச்சர், அரிமா கினெனில் 1991, 92, 93 என மூன்று வருடமும் மூன்றாவதாகவே வந்த குதிரை. ஓய்வுக்குப் பிறகு பிறந்த ஊரிலேயே வாழ்ந்தது. அதன் பிறந்தநாளை ஒட்டி, ஓய்வுபெற்ற மற்ற குதிரைகளுக்காக ஒரு அமைப்பு ஆண்டுதோறும் நன்கொடை திரட்டிவந்தது. 2021 ஏப்ரலில் இலக்கு 20 லட்சம் யென். உமாமுசுமே வெளியாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வந்து குவிந்ததோ 3 கோடியே 50 லட்சம் யென்னுக்கு மேல்! கொடுத்தவர்கள் 16,000-க்கும் அதிகம். 2023-ல் தொகை 7 கோடியைத் தாண்டியது. அந்த மே மாதமே நைஸ் நேச்சர் 35 வயதில் இறந்துபோனது. மூன்றாவதாக வந்தே பேர் வாங்கிய குதிரை, தன் பெயரால் எத்தனையோ குதிரைகளுக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் போனது.

2025-ல் கேமின் ஆங்கிலப் பதிப்பு வந்ததும் ஹரு உரராவுக்கும் இதே நடந்தது. வெளிநாட்டு ரசிகர்கள் போட்டிபோட்டு ஆன்லைனில் புல் வாங்கி அனுப்பினார்கள், இணையதளமே திணறியது. டோக்கியோவுக்கு அருகே சீபா மாகாணத்துப் பண்ணை ஒன்றில் ஓய்விலிருந்த அந்தக் குதிரை, அதே ஆண்டு செப்டம்பரில் 29 வயதில் இறந்தது.

அன்பு சில நேரம் தொல்லையும் ஆகும். 2019-ல், டைகி ஷட்டில் என்ற புகழ்பெற்ற குதிரையின் பிடரி மயிரை யாரோ வெட்டிக்கொண்டு போனார்கள். இப்போது வருகிறவர்களுக்கு விதிகள் கறார். சொல்லாமல் பண்ணைக்குள் நுழையக் கூடாது. ஃபிளாஷ் போடக் கூடாது. கேரட்டை நீட்டக் கூடாது. சத்தம் கூடவே கூடாது. ஊர்களில் இருக்கும் தகவல் மையத்தில் கேட்டு, அனுமதிக்கும் பண்ணைக்கு, அனுமதிக்கும் நேரத்தில் மட்டும் போக வேண்டும்.

போகிற வழியில் இன்னொன்றையும் பார்க்கலாம். ஷிசுனாய் அருகே 7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்கோடாக ஒரு சாலை. அகலம் 36 மீட்டர், இரு பக்கமும் செர்ரி மரங்கள். 1872-ல் தொடங்கிய அரசுப் பண்ணை பின்னர் அரச குடும்பத்துப் பண்ணையானது. அங்கே வரும் அரச விருந்தினர்களுக்காகப் போட்ட சாலை இது. மரங்களை நடத் தொடங்கியது 1916-ல். அதே 1916-ல்தான், பண்ணை நிலத்தில் வாழ்ந்த ஐனு பழங்குடியினரை அவர்களின் கிராமத்திலிருந்து கட்டாயமாக வெளியேற்றி, மலைப்பக்கம் குடியேற்றினார்கள். பூக்களைப் படமெடுக்கும் கூட்டத்தில் இதைத் தெரிந்தவர்கள் கொஞ்சம்தான்.

ரயிலில் போகலாம் என்று நினைக்க வேண்டாம். 2015-ல் கடல் சீற்றம் தண்டவாளத்தை அரித்ததிலிருந்து ஓடாமல் கிடந்த சுமார் 116 கிலோமீட்டர் பாதையை, 2021 ஏப்ரலில் ஒரேயடியாக மூடிவிட்டார்கள். ரசிகர்கள் வரத் தொடங்கிய நேரம் பார்த்து! சப்போரோவிலிருந்து பேருந்து உண்டு. அதன் பெயர், பறக்கும் குதிரையான 'பெகாசஸ்'. செர்ரி பூப்பது மே மாதத் தொடக்கத்தில். அந்த வருடத்துக் குட்டிகளும் அப்போது தாயின் காலடியில் நிற்கும்.