பனி தாண்டிய கீரை

மார்ச் பிறந்தாலும் ஸ்ரீநகரில் யாரும் காங்கிரியைக் கீழே வைப்பதில்லை. ஃபெரன் என்ற தொளதொள மேலங்கிக்குள் அந்தக் கரிநெருப்புச் சட்டியை அணைத்துக்கொண்டுதான் தால் ஏரியின் காய்கறிச் சந்தைக்கு ஆட்கள் துடுப்புப் போட்டு வருகிறார்கள். இருள் பிரியுமுன் கூடி, வெயில் ஏறுவதற்குள் கலைந்துவிடும் சந்தை. படகோடு படகு உரச, பேரம் பேசுகிறவர்களும் எடை போடுகிறவர்களும் குந்தியபடியே வேலையை முடிக்கிறார்கள். டர்னிப், கேரட், சேறு காயாத தாமரைத் தண்டு, இவற்றுக்கு நடுவே கட்டுக் கட்டாகக் கரும்பச்சை இலை. ஹாக்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல் மூன்றும் எந்தத் தாவர இனமோ அதே இனம்தான் ஹாக். கோஸைப் போல உருண்டு திரளாமல் தண்டைச் சுற்றி இலை மட்டும் விடும். காஷ்மீரில் ஆண்டின் பெரும்பகுதி கிடைக்கும், ஏழை வீடு பணக்கார வீடு என்ற வித்தியாசம் இல்லாமல் சோற்றுக்கு அதுவே துணை. ஆனால் கோடையில் பறித்த ஹாக்கும் பனிக்காலத்தைத் தோட்டத்திலேயே கழித்துவிட்டு வந்த ஹாக்கும் ஒன்றல்ல என்று படகில் இருக்கும் எவரும் சொல்வார்கள். விலை கேட்பவர்கள் இலையை மடித்துப் பார்க்கிறார்கள். தடித்த, சிறிய இலை என்றால் பேச்சு வளர்கிறது.

அந்தத் தடிப்புக்குப் பின்னால் ஒரு முழுக் குளிர்காலம் இருக்கிறது. டிசம்பர் 21-இல் தொடங்கும் சில்லை கலான் 40 நாள். அடுத்த சில்லை குர்த் 20 நாள். கடைசியாக வரும் சில்லை பச்சா 10 நாள். காஷ்மீரிகள் குளிரை இப்படிப் பெயர் வைத்துத்தான் கடக்கிறார்கள். 2021 ஜனவரியில் ஸ்ரீநகரின் இரவு வெப்பநிலை மைனஸ் 8.4 டிகிரிக்குப் போனது, ஏரியின் மேற்பரப்பே உறைந்தது. இலையுதிர் காலத்தில் வேர் பிடித்த ஹாக் செடிகள் இந்த எழுபது நாளையும் திறந்த வெளியில் நின்றபடி கழிக்கின்றன.

எப்படிப் பிழைக்கின்றன? குளிர் மெல்ல மெல்ல ஏறும்போது செடி தன் செல்களில் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்கிறது. சர்க்கரை கரைந்த நீர் சுத்த நீரைவிடத் தாழ்ந்த வெப்பநிலையில்தான் உறையும். அதையும் மீறிக் குளிர்ந்தால், பனிப்படிகம் முதலில் செல்லுக்கு வெளியே உள்ள இடைவெளியில் உருவாகிறது, செல் தப்பித்துக்கொள்கிறது. அதிகாலையில் கண்ணாடிபோல விறைத்துத் தொங்கும் இலை பகலில் நிமிர்ந்து நிற்பது இதனால்தான். சமைக்கும்போது நாக்கில் தட்டுப்படும் இனிப்பு, செடி தன் உயிரைக் காக்கச் சேர்த்த சர்க்கரை. பனிப்பொழிவும் எதிரி அல்ல. கெட்டியாகப் போர்த்திய பனிக்கு அடியில் மண் உறைநிலையை ஒட்டியே நிற்கும். வெளியே அடிக்கும் கடுங்குளிர் முழுதாக உள்ளே இறங்காது. பனியே விழாத வறண்ட குளிர்தான் செடிக்கு ஆபத்து. 2024 ஜனவரியில் குல்மார்கின் பனிச்சறுக்குச் சரிவுகள் வெறுமையாகக் கிடந்த படங்களைப் பார்த்துச் சுற்றுலாக்காரர்கள் வருந்தினார்கள். கீரை போடுகிறவர்களின் கவலையை யாரும் படம் எடுக்கவில்லை.

சந்தையிலிருந்து திரும்பும் படகு ஒன்றில் இடம் கிடைத்து, தோட்டங்களுக்குள் நுழைய முடிந்தது. வில்லோ மரங்கள் கரைகட்டி நிற்கும் சின்னச் சின்னத் தீவுகள். இவற்றை டெம்ப் என்கிறார்கள். ஆழம் குறைந்த இடத்தில் சேற்றையும் நீர்ப்பாசியையும் அள்ளிக் குவித்து உண்டாக்கிய நிலம். இன்னொரு வகை ராத். கோரையையும் பாசியையும் பின்னிய, மெய்யாகவே மிதக்கும் பாத்தி. வெள்ளரி, தக்காளிக்கு அது தோது. ஆங்கிலேய அதிகாரி வால்டர் லாரன்ஸ் 1895-இல் வெளியிட்ட காஷ்மீர் நூலில் இந்த மிதக்கும் தோட்டங்கள் இரவோடு இரவாகத் திருட்டுப் போவதைப் பற்றி எழுதியிருக்கிறார். நிலத்தையே கட்டி இழுத்துக்கொண்டு போகும் திருடர்கள் வேறெங்காவது உண்டா தெரியவில்லை! ஹாக்குக்கு அந்தக் கவலை இல்லை, அது வளர்வது நகராத டெம்பில்.

பாத்தியில் குனிந்திருந்தவர்கள் பெண்கள். சந்தையில் ஏறக்குறைய எல்லாரும் ஆண்கள், பறிப்பதில் முக்கால்வாசி பெண்கள். காலையிலேயே பறிக்கலாமே என்று படகோட்டி மூலம் கேட்டேன். மூத்தவர் ஒருவர் கையை உதறிக் காட்டினார். உறைந்த இலையைத் தொட்டால் விரல் பட்ட இடமெல்லாம் கறுத்துவிடும், வெயில் பட்டு இலை இளகிய பிறகே கை வைக்க வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். அதனால் பிற்பகலில் பறித்து, நீர் தெளித்து, ஈரச் சாக்கால் மூடி, மறுநாள் விடியலுக்குப் படகில் ஏற்றுகிறார்கள்.

முதல் வேலை கழிவை அகற்றுவது. குளிரில் பழுத்துக் கிழிந்த அடியிலைகள் தனியாகப் போகின்றன, மாட்டுக்கு. அதன் பிறகே பறிப்பு. இலைக்காம்பைத் தண்டோடு ஒட்டிப் பிடித்துக் கீழ்நோக்கி வெடுக்கென்று ஒரு இழுப்பு, அவ்வளவுதான். கத்தி கிடையாது. இழுக்கும் விசை கூடினால் தண்டின் தோல் உரிந்து காயம் அழுகும். குறைந்தால் காம்பின் அடி ஒட்டிக்கொண்டு நின்று அதுவும் அழுகும். உச்சிக் குருத்தையும் அதைச் சுற்றிய இளம் இலைகளையும் யாரும் தொடுவதில்லை. நெருக்கமாக முளைத்த இடத்தில் மட்டும் சிறு செடியை வேரோடு பிடுங்கிக் கட்டில் சேர்க்கிறார்கள், மீதிச் செடிக்கு இடம் கிடைக்கிறது. பார்க்க விளையாட்டுப்போல இருந்த இந்த வேலையில், எதை எடுப்பது என்பதைவிட எதை விடுவது என்பதில்தான் கை தேர்ந்திருக்கிறது.

அவசரம் வேறு. ஹாக் ஈராண்டுத் தாவரம். நீண்ட குளிரைக் கண்ட செடி பூக்கத் தயாராகிவிடும். பகல் நீள நீளத் தண்டு உயர்ந்து, இலை சிறுத்துக் கசக்கத் தொடங்கும். ஆக, இனிப்பான ஹாக் கிடைப்பது சில வாரங்களுக்கே. எல்லாவற்றையும் பறித்துத் தீர்ப்பதும் இல்லை. நல்ல செடிகளில் சிலவற்றை விதைக்கென்று விடுகிறார்கள். அருகில் நூல்கோல் பூத்தால் தேனீக்கள் இரண்டையும் கலந்துவிடும், அடுத்த ஆண்டு முளைப்பது ஹாக்காகவும் இருக்காது, நூல்கோலாகவும் இருக்காது. ஸ்ரீநகரின் கான்யார் பகுதியின் பேரைத் தாங்கிய கான்யாரி என்ற ரகம் இன்றும் நிற்கிறது என்றால் இப்படி விதை காத்தவர்களும் அதற்கு ஒரு காரணம்.

இவர்களுக்கு இப்போது பெரிய கவலை குளிர் அல்ல. ஏரி சுருங்குவதற்கு ஹோட்டல்களும் நகரத்துச் சாக்கடையும் எவ்வளவு காரணமோ, டெம்பும் ராதும் அவ்வளவு காரணம் என்ற வாதம் நெடுங்காலமாக உண்டு. ஏரிவாசிகளைப் பட்காம் மாவட்டத்து ராக்-இ-ஆர்த்தில் குடியமர்த்தும் திட்டமும் கொண்டுவரப்பட்டது. வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. சேற்றைக் குவிக்கக் குவிக்க நீர்ப்பரப்பு குறையத்தான் செய்யும். என்றாலும், ஏரிப் பாசியை அள்ளி உரமாக்கியே வாழ்ந்த குடும்பத்தை நிலத்தில் கட்டிய வீட்டில் கொண்டுபோய் வைத்தால் அந்தக் கைகளுக்கு அங்கே என்ன வேலை என்பதற்குப் பதில் சொல்லாத திட்டத்தை முழுமையானது என்று ஏற்க முடியவில்லை.

சமையல் எளிது. கடுகெண்ணெயைப் புகைய விட்டுத் தண்ணீர் ஊற்றி, கொதி வந்ததும் உப்பும் மிளகாயும் போட்டு, நறுக்காத முழு இலைகளைச் சேர்க்க வேண்டும். பாத்திரத்தை மூடினால் பச்சை நிறம் போய்விடும். காஷ்மீரி பண்டிதர் வீடுகளில் பெருங்காயம் சேரும். நம் மூக்குக்கு அது உடனே பிடிபடும். குழம்பும் அல்லாத ரசமும் அல்லாத அந்தத் தண்ணீரோடு சோற்றில் பிசைந்து உண்கிறார்கள்.

துலிப் தோட்டம் திறக்கும் மார்ச் கடைசி, ஏப்ரல் வாரங்களில் தமிழ்நாட்டிலிருந்தும் நிறையப் பேர் ஸ்ரீநகர் போகிறார்கள். உணவகங்கள் அவர்கள் முன் வைப்பது பெரும்பாலும் வாஸ்வான் என்ற ஆட்டிறைச்சி விருந்து. ஹாக் வேண்டும் என்று நீங்களாகத்தான் கேட்க வேண்டும். கேளுங்கள். மே மாதம் போனால் கிடைப்பது வேறு ஹாக்.