அகலத்தில் தெரியும் வைகறை

சுப்ஹு தொழுகை தொடங்கும் நேரமும் ஸஹர் சாப்பாடு முடியும் நேரமும் ஒன்றே. அதனால்தான் வைகறையைக் குறிப்பது இத்தனை கடினம். பேணுதலுக்காகச் சில நிமிடம் முன்னே வைத்தால் நோன்பு பத்திரமாகிறது, ஆனால் தொழுகையை நேரம் வருமுன்பே தொழுதுவிடும் ஆபத்து வருகிறது. பின்னே வைத்தால் தொழுகை தப்பிக்கிறது, நோன்பு மாட்டிக்கொள்கிறது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒரு கடமை அடிபடும் என்பதால், வானத்தைப் பார்த்துத் தீர்மானிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அப்படிப் பார்ப்பவர் வெளிச்சம் எவ்வளவு என்பதை அளக்கக் கூடாது, எப்படிப் பரவுகிறது என்பதைத்தான் அளக்க வேண்டும். நிறத்துக்காகக் காத்திருப்பதும் பிழை. வைகறையின் முதல் ஒளியில் சிவப்பே கிடையாது. அது சாம்பல் கலந்த வெளுப்பு. இருட்டில் வேலை செய்யும் கண்ணுக்கு நிறம் பிரித்தறியத் தெரியாது. கீழ்வானம் செம்மை கொள்ளும்போது விடியல் எப்போதோ தொடங்கிவிட்டிருக்கும்.

பரவலை ஏன் அளவுகோலாக வைக்க வேண்டும் என்பதற்குப் பொய் வைகறையே சாட்சி. சூரியனைச் சுற்றிக் கோள்களின் தளத்தில் மிதக்கும் தூசியில் சூரிய ஒளி பட்டுச் சிதறுவதால் உண்டாகும் கூம்பு அது. அரபிகள் அதை ஓநாயின் வால் என்றார்கள். தமிழகக் கடற்கரை இருக்கும் அட்சரேகையில் சூரியப் பாதை அடிவானத்தில் ஏறக்குறைய செங்குத்தாக நிற்பதால், இந்த வால் நேராக மேல்நோக்கி எழும். நல்ல இருட்டில் அதன் அடிப்பகுதி நன்றாகவே வெளுத்திருக்கும். வெளிச்சத்தை மட்டும் நம்புகிறவர் இங்கேதான் ஏமாறுவார். மெய் வைகறை உயரமாக வளராது, படுத்துக்கொண்டு வளரும். நீட்டிய கையின் முஷ்டி அளவுக்கு, அதாவது சுமார் 10 பாகை உயரம் வரை கடல்மூட்டம் எல்லாவற்றையும் விழுங்கியிருக்கும். ஆகவே பார்வையை அதற்குச் சற்று மேலே வைத்து, கூம்பின் இரு ஓரங்களையும் கடைக்கண்ணால் கவனிக்க வேண்டும். ஒரு கட்டத்தில் அந்த ஓரங்கள் ஓரங்களாக இருப்பது நின்றுவிடும். வடக்கிலும் தெற்கிலும் இருட்டு பின்வாங்கி, கூம்பின் அடி ஒரு பட்டையாகிவிடும். குறிக்க வேண்டியது அந்தக் கணம். குறிக்கும்போது வானத்தைப் பார்ப்பவரிடம் கடிகாரம் இருக்கக் கூடாது. அவர் குரல் கொடுக்க, இன்னொருவர் நேரத்தை எழுதட்டும். அட்டவணை நேரம் தெரிந்த கண் அட்டவணை நேரத்தில்தான் விடியலைக் காணும்.

சூரியன் அடிவானத்துக்கு எத்தனை பாகை கீழே இருக்கிறது என்பதை நொடி சுத்தமாகக் கணக்கிட முடியும்போது ஏன் தூக்கம் கெடுக்க வேண்டும் என்று கேட்பார்கள். கணக்கு சொல்வது சூரியன் இருக்குமிடத்தை. எந்த இடத்தில் இருக்கும்போது ஒளி பரவத் தொடங்கும் என்பதைக் கண்தான் கணக்குக்குச் சொல்லிக்கொடுத்தது. வானியல் அறிஞர் அல்பிரூனி 11ஆம் நூற்றாண்டில் எழுதிய 18 பாகையும் அப்படி வந்ததே. இன்றோ எகிப்தில் 19.5, வட அமெரிக்காவில் பலரிடம் 15 என்று எண்கள் வேறுபடுகின்றன. நம் பக்கத்தில் ஒரு பாகை என்பது நான்கு நிமிடத்துக்குச் சற்று அதிகம். ஆக இந்த இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட இருபது நிமிடம் கிடக்கிறது. மலேசியா 2019இல் 20 பாகையிலிருந்து 18க்கு இறங்கியது. அடுத்த ஆண்டு இந்தோனேசியாவின் முஹம்மதியா அமைப்பும் அதே முடிவுக்கு வந்தது. இரண்டு இடங்களிலும் வானத்தை மறுபடி பார்த்த பிறகே எண் மாறியது. இது கணக்குக்கு இழுக்கல்ல, அதன் பிறப்பிடத்துக்குத் திரும்பிப் போவது.

இன்னொரு எதிர்வாதம் இதைவிடக் கனமானது. ஊருக்குள்ளிருந்து பார்த்தால் 18 பாகையில் ஒன்றுமே தெரிவதில்லை, 14க்கும் கீழேதான் தெரிகிறது, அப்படியானால் அதுதானே உண்மை என்பார்கள். தெருவிளக்கு மறைத்த வைகறை வராத வைகறை ஆகாது. மேகம் மூடிய நாளில் விடியவில்லை என்று எவரும் வாதிடுவதில்லையே. கெட்ட வானத்தில் எடுத்த நூறு பதிவுகள் அந்த வானத்தின் கேட்டைத்தான் அளக்கின்றன. கேமராவையும் தீர்ப்பாளியாக உட்கார வைக்க முடியாது. அது பல நொடி ஒளியைச் சேர்த்துவைத்து, கண் காணாததையும் காட்டும். சாட்சியாக வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கண்ணும் ஒவ்வொன்று சொல்லுமே என்ற கவலை நியாயம்தான். அதற்கு மருந்து பல பேர், பல மாதம், ஒரே முறை.

எனவே இடமும் நாளும்தான் பாதி வேலை. கிழக்கே கடல் திறந்திருக்க வேண்டும், விசைப்படகுகளின் விளக்கு வரிசை இல்லாத திசை வேண்டும். வளர்பிறையின் முதல் ஏழெட்டு நாள்களில் நிலா நள்ளிரவையொட்டி மறைந்துவிடும், வைகறைக்கு இருட்டு மிஞ்சும். கண் பழக அரை மணி நேரம் கொடுக்க வேண்டும். அதற்குள் ஒருமுறை கைபேசித் திரையைப் பார்த்தாலும் பழக்கம் குலைந்துவிடும், மறுபடி காத்திருக்க வேண்டும். விடிவெள்ளி பளிச்சென்று எழுந்து கண்ணை இழுக்கும். அதை ஒரு பனைமரத்தின் பின்னால் வரும்படி நகர்ந்து நிற்பது நல்லது. கடலும் வானும் பிரியும் கோடு தெளிவாகத் தெரியும்வரை சிலர் காத்திருப்பார்கள். மாலுமிகள் கோணமானியைக் கையில் எடுக்கும் நேரம் அது, சூரியன் சுமார் 12 பாகைக்கு வந்திருக்கும். பட்டை விரிந்து அதற்குள் ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடம் கடந்திருக்கும்.