கரியும் கடனும்

மக்கள் பாடலைக் கட்டளையிட்டு எழுதுவிக்க முடியுமா? மேர்ள் திராவிசின் இசைத்தட்டுகளைக் கேட்கும்போதெல்லாம் இக்கேள்வி என்னுள் எழுகின்றது.

1917இல் அமெரிக்காவின் கெந்தக்கி மாநிலத்தில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். 'கன்ட்ரி' எனப்படும் கிராமியப் பாணிப் பாடகர். கித்தார் வாசிப்பில் மேதை. 1946இல் கப்பிட்டல் நிறுவனம் நாட்டுப்பாடல் தொகுதியொன்றை அவரிடம் வேண்டியது. நோக்கம் வணிகமே. பழம்பாடல்கள் சிலவற்றோடு, தாமே புதியனவும் புனைந்து அவர் பாடினார். மறு ஆண்டில் நான்கு இசைத்தட்டுகளாக வெளிவந்த அத்தொகுதி அன்று பெரிதாக விலைபோகவில்லை.

அதிலொன்று 'பதினாறு தொன்'. அக்காலச் சுரங்கங்கள் பலவற்றில் கூலி பணமாகக் கொடுக்கப்படவில்லை; கம்பனிக் கடையில் மட்டுமே செல்லுபடியாகும் சீட்டாகவும் வில்லையாகவும் கொடுக்கப்பட்டது. வெட்டிய கரி குவியக் குவியக் கடனும் குவிந்தது. அக்கடனைப்பற்றித் தந்தையார் சொல்லிவந்த கசப்பான பேச்சே பல்லவிக்கு வித்தாயிற்று.

1955இல் தெனசி ஏர்ணி போட் அதைப் பாடியபோது அமெரிக்கா முழுவதுமே அதனை முணுமுணுத்தது. அதே தொகுதியிலுள்ள இன்னொரு சுரங்கப் பாடலை, 1968இல் போல்சம் சிறைக் கைதிகளின் முன்னிலையில் ஜொனி காஷ் பாடினார்.

1983இல் மறைந்த திராவிஸ், கொடி பிடித்த கலைஞரல்லர். ஆயினும், கோஷங்கள் மலிந்த பாடல்கள் பலவற்றைக் கேட்டு மறந்துவிட்ட எனக்கு, இந்தக் கடன் கணக்கு மட்டும் மறக்கவில்லை. பாட்டைக் கேட்டது கம்பனிதான். ஆனால் பேச்சு தொழிலாளியின் வீட்டிலிருந்து வந்தது. மக்களைப் பாட முனைவோர், முதலில் அவர்தம் வீட்டுக் கணக்கைப் படிக்க வேண்டும்.