பழைய காரும் பால்நிற ஒயிலும்

பழைய கார் வைத்திருப்போரின் வயிற்றைக் கலக்கும் நிறமொன்று உண்டு. என்ஜினுக்கு ஒயில் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றினால், அதன் உட்புறத்தில் வெளிறிய மஞ்சள் நிறத்தில், கட்டித் தயிர் போல ஒட்டியிருக்கும் பசை அது. அதைக் கண்ட மாத்திரத்தில், "ஹெட் கஸ்கற் போய்விட்டது, என்ஜினை இறக்க வேண்டும்" என்ற தீர்ப்பு கராஜ்களில் வழங்கப்பட்டு விடுகிறது. விசாரணையின்றி வழங்கப்பட்ட தீர்ப்புகளைப் பற்றிப் பத்திரிகையில் பல தடவை எழுதியவன் என்ற முறையில், ஒரு கார் என்ஜினுக்கும் விசாரணை பெறும் உரிமை உண்டென்றே கூறுவேன்.

இது பொழுதுபோக்கான விடயமல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது முதல், 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைக்கும் வரை, இலங்கையில் ஓடிய கார்கள் ஏறக்குறைய யாவும் ஏற்கனவே இங்கிருந்தவைதாம். தடை நீங்கிய பின்னரும், வரிகளைக் கூட்டிப் பார்த்தால், ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்குப் புதிய கார் எட்டாக் கனியே. ஆகவே கையிலுள்ள பழைய காரின் என்ஜின் 'முடிந்துவிட்டது' என்று ஒருவர் சொல்லும்போது, அது ஒரு குடும்பத்தின் போக்குவரத்து முடிந்துவிட்டது என்பதற்குச் சமம்.

பண்டாரவளையில் வசிக்கும் நண்பரொருவருக்கு அப்படித்தான் சொல்லப்பட்டது. 1980களில் வந்த ஜப்பானியக் கார். மூடியில் பசை. காலையில் புகைக்குழாயிலிருந்து வெண்புகை. தொலைபேசியில் அவர் குரல் தளர்ந்திருந்தது. நான் கேட்டவை மூன்றே கேள்விகள். டிப்ஸ்டிக்கில் ஒயில் என்ன நிறம்? அதன் மட்டம் ஏறியிருக்கிறதா? ரேடியேற்றரில் தண்ணீர் குறைகிறதா? ஒயில் தேன் நிறத்திலேயே இருந்தது, மட்டம் ஏறவில்லை, தண்ணீரும் குறையவில்லை. நாளொன்றுக்குக் கார் எவ்வளவு ஓடுகிறது என்று கேட்டேன். பேரப்பிள்ளையைப் பாடசாலைக்குக் கொண்டுபோய் விட்டுத் திரும்பும் ஒன்றரைக் கிலோமீற்றர்தான் என்றார்.

விடை அங்கேயே இருந்தது. பெற்றோல் எரிவதென்பது நீர் உண்டாவதும் ஆகும். ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் ஆவியாக உண்டாகிறது. அதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும். சிறு பங்கு பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஒயில் இருக்கும் அறைக்குள் இறங்கும். என்ஜின் நன்கு சூடேறினால் அந்த ஆவி சுவாசக் குழாய் வழியே போய்விடும். குளிர்ந்த மலைநாட்டில் ஐந்து நிமிடம் மட்டுமே ஓடி நிற்கும் காரில் அது போகாது. என்ஜினின் குளிர்ச்சியான பகுதியில், அதாவது மூடியில், நீராகிப் படிந்து ஒயிலுடன் சேர்ந்து பசையாகிவிடும். காலை வெண்புகைக்கும் காரணம் இதுவே. மூடியைத் துடைத்து, சுவாசக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்த்து, பதுளை வரை ஒரு தடவை போய்வரும்படி சொன்னேன். டிப்ஸ்டிக்கிலும் பால்நிறம் இருந்திருந்தால் ஓர் அடிகூட ஓட்டச் சொல்லியிருக்க மாட்டேன் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். போய்வந்தார். இரண்டு வாரங்களுக்குப் பின்னரும் மூடி சுத்தமாகவே இருந்தது.

இதற்கு நேரெதிரான கதை யாழ்ப்பாணத்தில் நடந்தது. அங்கே மூடியில் ஒன்றுமே இல்லை. நோய் உண்மையாகவே இருந்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் மொறிஸ் மைனர் அது, 948 சி.சி. என்ஜின் கொண்டது. மனைவியை மாதமிருமுறை கிளினிக்குக்கு அழைத்துச் செல்ல அவருக்கு வேறு வழி கிடையாது. டிப்ஸ்டிக்கில் ஒயிலின் மட்டம் தானாகவே ஏறிக்கொண்டிருந்தது. "மாஸ்டர், எஞ்சின் முடிஞ்சுது. இறக்கி முழுக்கச் செய்ய வேணும்" என்று ஒரு கராஜில் சொல்லிவிட்டார்கள். கேட்கப்பட்ட தொகை அவரது பல மாத ஓய்வூதியம். செய்தி எப்படியோ பரவி, பழைய கார்களை வாங்கிக் கொழும்பில் விற்கும் தரகர் ஒருவரும் வீட்டுக்கு வந்து, 'ஓடாத கார்' என்று சொல்லி அடிமாட்டு விலை பேசிவிட்டுப் போயிருந்தார்.

மாஸ்டர் கடைசியாக ஒரு முதிய மெக்கானிக்கிடம் போனார். அன்று நானும் உடனிருந்தேன். அந்த மனிதர் முதலில் கேட்டது, "மணந்து பாத்தனீங்களோ?" என்பதே.

அந்தக் கேள்விக்குள் ஒரு வரலாறு உண்டு. 1990 முதல் 1995 வரை பொருளாதாரத் தடையின் கீழிருந்த குடாநாட்டில் பெற்றோல் பொன்னாக இருந்தது. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் செய்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அழுத்த விகிதம் குறைந்த பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் அதைத் தாங்கிக்கொண்டன. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஒயிலுடன் கலந்து, அதன் மட்டத்தை ஏற்றும். ஒயிலைத் தண்ணீர் போல இளக்கிவிடும். மட்டம் ஏறினால் குற்றவாளி எரிபொருளா, நீரா என்பதை மூக்கினாலும் விரலினாலும் பிரித்தறிய அக்கால மெக்கானிக்குகள் பழகிக்கொண்டார்கள். இன்றும் காபரேற்றர் வழிந்தால் பெற்றோல் அவ்வாறே இறங்கும்.

மாஸ்டரின் காரில் எரிபொருள் மணம் இல்லை. "அப்ப விடிய வாங்கோ, இண்டைக்கு ஸ்ராட் பண்ணாதேங்கோ" என்றார் மெக்கானிக். இரவு முழுவதும் கார் அசையாமல் நின்றது. காலையில், என்ஜினை இயக்காமலே, அடியிலுள்ள ஒயில் வடிக்கும் பூட்டை மெல்ல இளக்கினார். முதலில் வந்தது ஒயில் அல்ல, கலங்கிய தண்ணீர். ஒரு தேநீர்க் கோப்பையில் பாதியளவு இருக்கும். அதன் பின்னரே சாம்பல் கலந்த பால்நிறத்தில் ஒயில் இறங்கியது. ஏற்கனவே கடையப்பட்டுக் கலந்த பகுதி எளிதில் பிரியாது. ஆனால் என்ஜின் நின்ற பின் கசிந்து இறங்கும் நீர், ஒயிலைவிடக் கனமானதால், அடியில் தனியே நிற்கும். செலவில்லாத இந்தச் சோதனையை விடச் சிறந்ததை நான் அறியேன்.

நீர் என்பது உறுதி. எங்கிருந்து? புகைக்குழாயில் ஆவி இல்லை. ரேடியேற்றரில் குமிழி இல்லை. நான்கு சிலிண்டர்களின் அழுத்தமும் ஏறக்குறைய ஒரே அளவு. ரேடியேற்றர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவச் சோதனையும் உண்டு. எரிந்த வாயு நீருக்குள் வந்தால் அது மஞ்சளாகும். இங்கே அது நீலமாகவே நின்றது. இவற்றைப் பார்த்து 'கஸ்கற்றில் பிழையில்லை, ஆகவே புளொக் வெடித்துவிட்டது' என்ற முடிவுக்குத்தான் முதல் கராஜில் வந்திருக்கிறார்கள். இந்தச் சோதனைகள் யாவும் சிலிண்டருக்கும் நீருக்கும் இடையிலான கசிவைத்தான் காட்டும். மைனர் என்ஜினில் வால்வுகளை இயக்கும் தள்ளுதண்டுகள் ஹெட்டினூடாகவும் கஸ்கற்றினூடாகவும் இறங்குகின்றன. நீர்த் துளைக்கும் தள்ளுதண்டுத் துளைக்கும் இடையில் கஸ்கற் அரித்துப் போனால், நீர் நேராக ஒயிலுக்குள் விழும். சிலிண்டர்கள் ஒன்றும் அறியா.

வேறொரு வகையும் உண்டு. அழுத்தத்துடன் ஒயில் ஏறும் துளைக்கும் நீர்த் துளைக்கும் இடையே கஸ்கற் விட்டுப்போனால், ஓடும்போது ஒயில் நீருக்குள் போகும். ஏனெனில் ஒயிலின் அழுத்தம் அதிகம். என்ஜின் நின்றதும் ஒயிலின் அழுத்தம் உடனே இல்லாது போகிறது. சூடான நீரின் அழுத்தமோ நெடுநேரம் நிற்கிறது. அப்போது நீர் ஒயிலுக்குள் வரும். ஓடும்போது தேடினால் கிடைக்காத நோய் அது.

வடித்த பூட்டைத் திரும்பப் போடாமலே, ரேடியேற்றர் வாயில் கைப்பம்பியைப் பொருத்தி, மூடியில் பொறிக்கப்பட்டிருந்த அளவு வரை மட்டும் அழுத்தம் ஏற்றினார். அதற்கு மேல் ஏற்றினால் பழைய ரேடியேற்றரே வெடித்துவிடும். மானியின் முள் மெல்ல இறங்கியது. வெளியே எங்கும் ஈரமில்லை. சற்று நேரத்தில் பூட்டுத் துளையிலிருந்து ஒரு சொட்டு, பின்னர் இன்னொரு சொட்டு.

என்ஜின் இறக்கப்படவில்லை. ஹெட்டை மட்டும் கழற்றினார்கள். எதிர்பார்த்த இடத்தில்தான் கஸ்கற் அரித்திருந்தது. ஹெட்டிலோ புளொக்கிலோ வெடிப்பு இருந்திருந்தால் கதை வேறு. அதைத் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, இல்லையென்று உறுதி செய்த பின்னரே மறுவேலை நடந்தது. ஹெட்டின் முகம் சற்றே வளைந்திருந்ததால் கடைச்சல் பட்டறைக்கு அனுப்பி மட்டமாக்கினார்கள்.

அரிப்புக்குக் காரணம் கிணற்றுத் தண்ணீர். குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மீது அமைந்தது. அதன் கிணற்று நீர் வன்மையானது. கொதிக்கிற ரேடியேற்றரில் அதையே ஆண்டாண்டாக ஊற்றினால் கெற்றிலின் அடியில் படிவது போலப் பொருக்குப் படியும், இரும்பும் அரிக்கும். 'கூலன்ற் குளிர்நாட்டுக்காரனுக்குத்தானே' என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. உறையாமற் காப்பது அதன் ஒரு வேலை. துருவைத் தடுப்பது இன்னொரு வேலை. இங்கே வேண்டியது இரண்டாவது.

எல்லாக் காருக்கும் இதே வழி பொருந்தாது. பல டீசல் வான்களில் ஒயிலைக் குளிர்விக்கும் கருவியினூடாகவே நீர் ஓடுகிறது. அது உட்புறம் ஓட்டையானாலும் ஒயில் பால்நிறமாகும். ஹெட்டைத் தொடவே தேவையில்லை.

மாஸ்டரின் காருக்குப் புதிய கஸ்கற் வந்தது. ஒன்பது நட்டுகளையும் நடுவிலிருந்து வெளிநோக்கி, படிப்படியாக, 40 அடி-இறாத்தல் வரை முறுக்கினார்கள். பின்னர் மலிவான ஒயிலை ஊற்றிச் சில நிமிடம் இயக்கி வடித்தார்கள். முதற்தடவை இன்னும் வெளிறியே வந்ததால் இன்னொரு தடவையும் செய்தார்கள். நீர் கலந்த ஒயில் பெயாரிங்குகளைத் தின்றுவிடும் என்பதால் அந்த மெக்கானிக் இதில் மட்டும் சிக்கனம் பார்க்க விடவில்லை. புதிய பில்ரர், நல்ல ஒயில், வடித்த நீரில் கலந்த கூலன்ற். செலவு முதலில் கேட்ட தொகையில் சிறு பங்கே ஆயிற்று. தரகர் மறுபடி வந்தபோது கார் வீட்டில் இல்லை, கிளினிக்குக்குப் போயிருந்தது. சில நூறு மைல் ஓடிய பின்னர் நட்டுகளை மீண்டும் முறுக்கி, வால்வ் இடைவெளியை 0.012 அங்குலத்துக்குச் சரிபார்க்க வேண்டும் என்று மெக்கானிக் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்திருந்தார். மாஸ்டர் அதை டாஷ்போட்டுக்குள் வைத்திருக்கிறார்.