நீர் கோத்த தலை

மார்கழி பிறந்துவிட்டால் பழனியை அடுத்த எங்கள் பாலசமுத்திரத்தில் வீட்டுக்கு ஒருவராவது தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மலையடிவாரப் பனி அப்படி. "மண்டையில நீர் கோத்துக்கிச்சு" என்பார்கள். எனக்கும் இந்தத் தொல்லை பல வருடமாக உண்டு. புருவத்துக்கு மேலேயும் கன்ன எலும்பிலும் பாரம். செருப்பு மாட்டக் குனிந்தால் கண்ணுக்குள் இடிக்கும்.

மூக்கைச் சுற்றி எலும்புக்குள் நான்கு ஜோடிக் காற்றறைகள் இருக்கின்றன; இவைதான் சைனஸ். ஒவ்வொன்றும் சின்னத் துவாரம் வழியாக மூக்கில் திறக்கிறது. சளி பிடித்துச் சவ்வு வீங்கினால் துவாரம் அடைபடும். உள்ளே நீர் தேங்கும், வலிக்கும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது கொடைக்கானல் பஸ்ஸில் நன்றாகத் தெரியவரும். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேலே. அங்கே காற்றழுத்தம் இங்கிருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஏறும்போது அறைக்குள்ளிருக்கும் காற்று விரிந்து எப்படியோ வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் வினை. வெளியே அழுத்தம் கூடிக்கொண்டே வர, அடைபட்ட துவாரம் காற்றை உள்ளே விடாது. பழனி வந்து சேர்வதற்குள் நெற்றி தெறிக்கும். கடுஞ்சளி இருக்கும்போது மலைப் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது.

எங்கள் அப்பத்தா இந்தத் தலைபாரத்துக்கு வேது, அதாவது ஆவி, பிடிக்க வைப்பார். வாய்க்கால் ஓரத்து நொச்சியைக் கொத்தோடு ஒடித்து வந்து, மஞ்சள்தூள் போட்டுப் பானையில் கொதிக்கவைப்பார். பானையை இறக்கி முக்காலிமேல் வைத்துவிட்டுத்தான் எங்களைக் கூப்பிடுவார். அடுப்புக்குப் பக்கத்தில் குழந்தையை விடமாட்டார். கம்பளிக்குள் தலையை நுழைத்தால் நொச்சியின் காட்டமான வாசம் தொண்டைவரை இறங்கும், மூக்கு ஒழுகத் தொடங்கும். பிறகு நீர்க்கோவை என்னும் சித்த மருந்து மாத்திரையை வெந்நீரில் இழைத்து நெற்றியில் பற்றுப் போட்டுத் தூங்கச் சொல்வார். விடிந்ததும் பற்று காய்ந்து உதிரும்போது பாரமும் பாதி குறைந்திருக்கும். சளியை இளக்கும் அளவில் ஆவிக்கு மதிப்புண்டு. கொடைக்கானலில் வாங்கும் யூகலிப்டஸ் தைலமும் மூக்கு திறந்ததுபோன்ற சுகத்தைத் தரும். ஆனால் சின்னப் பிள்ளைகள் அதை விழுங்கிவிட்டால் வலிப்பே வரலாம்; எட்டாத இடத்தில் வையுங்கள்.

எனக்கு அதிகம் பலன் தந்தது உப்புத் தண்ணீர். கொதித்து ஆறிய ஒரு டம்ளர் நீரில் அரை டீஸ்பூன் உப்பு, ஒரு மூக்குத் துளையில் விட்டு மறு துளை வழியாக வெளியேற்றுவது. பச்சைத் தண்ணீர் கூடவே கூடாது. 2024-இல் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சல் பிள்ளைகளின் உயிரைப் பறித்தது. அந்த அமீபா பச்சைத் தண்ணீரிலிருந்து மூக்கு வழியாகத்தான் மூளைக்கு ஏறுகிறது.

இத்தனையும் சொன்ன பிறகு, முக்கியமான ஒன்று. சைனஸ் என்று நாம் பெயர் வைக்கும் தலைவலியில் பெரும்பகுதி சைனஸே இல்லை. தங்களுக்கு சைனஸ் தலைவலி என்று சொன்ன 2,991 பேரை அமெரிக்காவில் ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டார்கள். 88 சதவீதம் பேருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி வகை. அதிலும் மூக்கு ஒழுகும், கண்ணில் நீர் வரும், ஏமாந்துபோகிறோம். வெளிச்சம் கூசுகிறதா, குமட்டுகிறதா, வேலையைப் போட்டுவிட்டுப் படுக்கத் தோன்றுகிறதா என்று பாருங்கள். ஆமென்றால் ஆவி பிடித்து ஆண்டுகளைக் கழிக்க வேண்டாம், ஒற்றைத் தலைவலிக்குத் தனி மருந்து இருக்கிறது. உண்மையான சைனஸ் சளியும் பெரும்பாலும் வைரஸால் வருவது, பத்து நாளில் தானே தணியும். கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவதை நாம் நிறுத்தவேண்டும். மூக்கடைப்புச் சொட்டுமருந்தையும் ஐந்து நாளுக்கு மேல் விடக்கூடாது. விட்டால் அடைப்பு முன்னைவிட மோசமாகும்.

கண் வீங்கினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, காய்ச்சலோடு கழுத்து இறுகினாலோ கைவைத்தியத்துக்கு அங்கே இடமில்லை. சர்க்கரை நோயாளியின் முகம் ஒரு பக்கம் மரத்துப்போனாலும் அப்படித்தான். 2021-இல் கருப்புப் பூஞ்சை நோய் அவர்களை என்ன செய்தது என்று பார்த்தோம். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.