மேடையின் உயரம்

இந்திய வீடுகள் பலவற்றில் சமையல் தரையை விட்டு எழுந்தது ஓரிரு தலைமுறைகளுக்கு முன்புதான். அடுப்பு தரையில் இருந்தவரை அரிவதும் அரைப்பதும் கிளறுவதும் உட்கார்ந்த உடலின் வேலைகளாகவே இருந்தன. எரிவாயு உருளை வீட்டுக்குள் நுழைந்தபோது, அதனுடன் ஒரு பாதுகாப்பு விதியும் நுழைந்தது: அடுப்பு உருளையைவிட உயரத்தில் இருக்க வேண்டும். அதற்கு முன்பே நின்று சமைத்த நகரத்து வீடுகள் உண்டு. ஆயினும் நடுத்தரக் குடும்பங்களின் சுவரோரங்களில் பரவலாகக் கற்பலகை ஏறியதற்கு அந்தச் சிவப்பு உருளையும் ஒரு காரணம்.

புதிதாக எழுந்த அந்தப் பரப்புக்கு இந்திய மொழிகள் பழைய சொற்களையே சூட்டின. தமிழில் அது மேடை. தெலுங்கில் அது முதலெழுத்தை மெலிதாக ஒலிக்கும் 'கட்டு'; ஏரிக்கரைக்கும் வயல்வரப்புக்கும் அதே சொல்தான். கன்னடத்தில் 'கட்டெ', மரத்தடியில் ஊரார் அமர்ந்து பேசும் திட்டும் அதுவே. மராத்தியில் 'ஓட்டா', வாசல் திண்ணைக்கும் அப்பெயர் உண்டு. இந்தி பேசுவோர் பெரும்பாலும் 'ஸ்லாப்' என்று கல்லின் பெயராலேயே முடித்துக்கொள்கிறார்கள். சொற்களைக் கொண்டு பண்பாட்டு வரலாறு எழுதிவிடும் ஆசை மொழியியல் பயின்றோருக்கு எளிதில் வரும்; அதை அடக்கிக்கொள்வதே நல்லது. இருந்தாலும் ஒன்றைக் குறிக்கலாம். இச்சொற்களில் எதுவும் நின்றுகொண்டு வேலை செய்யும் பலகையைக் குறிப்பதன்று. அந்தப் பொருளைத் தாங்கி வந்த சொல் 'கவுண்டர்டாப்'. அயல்நாட்டு விவரப் புத்தகங்களிலிருந்து 34 முதல் 36 அங்குலம் என்ற உயரத்தையும் அது உடன் கொண்டுவந்தது.

ஹைதராபாத்தில் ஓர் அடுக்ககத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் சமையலறையில் இந்த உயரம் ஒரு வழக்காகவே மாறியது. அங்கே முப்பது ஆண்டுகளாக இருந்தது கடப்பாக் கல். கருமையும் உறுதியும் விலைக்குறைவும் அதற்குப் பெயர் வாங்கித் தந்தன. ஆனால் அது சுண்ணாம்புக்கல். அமிலம் பட்டால் அரிக்கும். புளி ஊறும் கிண்ணத்தை நாள்தோறும் வைத்த இடத்தில் வெளிறிய வட்டம் ஒன்று பதிந்திருந்தது. எலுமிச்சை பிழிந்த இடங்களில் மெருகு போய்விட்டது. புளியில்லாமல் நாள் கழியாத ஆந்திர, தெலங்கானச் சமையலுக்கு அந்த மண்ணின் கல்லே ஒத்துவராதது ஒரு வேடிக்கை. அதே குடும்பத்தைச் சேர்ந்த தாண்டூர்க் கல்லுக்கும் ராஜஸ்தானத்துக் கோட்டாக் கல்லுக்கும் இதே கதைதான். பளிங்கு இன்னும் மோசம்.

மேடையை மாற்றுவதென்று முடிவானதும், ஜெர்மனியில் சில ஆண்டுகள் இருந்து திரும்பிய மகன் மரம் போடலாம் என்றார். கேட்டவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முற்றிலும் நியாயமானதன்று. 1926-இல் மார்கரேட்டே ஷூட்டே-லிகோட்ஸ்கி வடிவமைத்த ஃபிராங்ஃபர்ட் சமையலறையில் வேலைப்பரப்புகள் பீச் மரத்தால் ஆனவை. கறைக்கும் கத்திக்கும் தாங்கும் என்பதற்காகவே அம்மரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. சன்னலோர மேசைக்கு முன்னால் ஒரு சுழல்நாற்காலியும் இருந்தது. உலகெங்கும் நவீனச் சமையலறைக்குத் தாயாகக் கருதப்படும் அந்த அறையில் பெண் உட்கார்ந்து அரிவதற்கு இடம் இருந்தது. பின்னால் வந்தவர்கள் மேசையை எடுத்துக்கொண்டு நாற்காலியை விட்டுவிட்டார்கள்.

மரம் அழுக்கைத் தேக்கும் என்ற அச்சமும் அளவுக்கு மிஞ்சியது. 1990-களில் டீன் கிளிவர் என்ற நுண்ணுயிரியல் ஆய்வாளர் அரிபலகைகளைச் சோதித்தபோது, மரத்துக்குள் இறங்கிய பாக்டீரியாக்கள் பெருகாமல் மடிவதைக் கண்டார். கத்தி கீறிய பிளாஸ்டிக் பலகைகளைத் தூய்மை செய்வதே கடினமாக இருந்தது. மரத்தின் உண்மையான பகை நீர். பரப்பில் சிந்தும் நீரைத் துடைத்துவிடலாம். தொட்டியின் விளிம்பிலும் சுவரோர இடுக்கிலும் தேங்கும் நீர்தான் அதைக் கருக்கவைத்து உளுக்கச் செய்யும். நாளில் பலமுறை தண்ணீரை வாரி ஊற்றிக் கழுவும் பழக்கமுள்ள இந்திய மேடையில் இது சிறிய இடர் அன்று. கரையான் வேறு இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. மரம் அசையும். ஈரம் ஏறினால் இழைக்குக் குறுக்காக விரியும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் மாற்றம் மிகக் குறைவு. மே மாதத்தின் வறட்சியும் ஆகஸ்டின் ஈரமும் மாறிமாறி வரும் தக்காணத்தில் மரப்பலகையை அடியிலிருந்து இறுக்கித் திருகினால் அது வெடிக்கும். திருகு நுழையும் துளையை வட்டமாகப் போடாமல் நீள்வட்டமாகப் போட்டு, பலகை நகர வழிவிட வேண்டும். தேக்கு இந்த அசைவில் அடக்கமானது. அதன் இயல்பான எண்ணெயும் உதவும். விலைதான் உதவாது. துண்டுகளைப் பல்லோடு பல் கோத்து ஒட்டிய ரப்பர் மரப் பலகை மலிவு. ஆனால் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எளிதில் இரையாகும் மரம் அது. போராக்ஸ் கலவையை உள்ளே செலுத்திப் பக்குவப்படுத்தியிருந்தாலன்றி வாங்கலாகாது.

கடைக்காரர் பரிந்துரைத்தது செயற்கைக் குவார்ட்ஸ். வெள்ளை வெளேர் என்று, ஒரு புள்ளி மாறாமல் இருக்கும். வழக்கமான வகைகளில் எடையில் பத்தில் ஒன்பது பங்கோ அதற்கு மேலோ அரைத்த குவார்ட்ஸ். மிச்சம் அதைப் பிணைக்கும் பிசின். அந்தச் சிறிய பங்கில்தான் சிக்கல் இருக்கிறது. பிசின் ஏறத்தாழ 150 பாகை செல்சியஸுக்கு மேல் தாங்காது. பிரஷர் குக்கரின் உள்வெப்பம் 120 பாகையை ஒட்டியது, அது பிழைத்துப்போகும். பொரித்த எண்ணெயோடு இறக்கும் வாணலி 180-ஐத் தொடும். தோசைக்கல் அதையும் தாண்டும். வெள்ளைப் பரப்பில் மஞ்சள்தூள் விழுந்தால் என்னாகும் என்று ஆசிரியை கேட்டார். உடனே துடைத்துவிட வேண்டும் என்றார் கடைக்காரர். அவர் வீட்டில் சமைப்பவர் யார் என்று தெரியவில்லை.

குவார்ட்ஸ் தூள் கல் அறுப்பவரின் நெஞ்சுக்குள் போனால் நேர்வது வேறு வகை. மிக நுண்ணிய சிலிக்கா நுரையீரலில் தழும்பாகத் தங்கும். தழும்பு மாறாது, நோய்க்கு மருந்தும் இல்லை. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் செயற்கைக் கல்மேடைகளைச் செய்வதையும் விற்பதையும் பொருத்துவதையும் தடை செய்தது இதன் பொருட்டே. இந்தியாவுக்கு இந்த நோய் புதிதன்று. குஜராத்தின் கம்பாத்தில் அகேட் மணிகளைத் தீட்டுவோரும், ராஜஸ்தானத்துக் கல்குவாரித் தொழிலாளரும் நெடுங்காலமாக இதனால் மடிந்திருக்கிறார்கள். ராஜஸ்தான் அரசு 2019-இல் இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. ஆசிரியை குவார்ட்ஸை மறுத்ததற்குக் காரணம் இதுவன்று, விலை.

எஞ்சியது கருங்கல். சந்தையில் 'கிரானைட்' என்று விற்கும் கறுப்புக் கற்களில் பல நிலவியல்படி கிரானைட்டே அல்ல. பிரகாசம் மாவட்டத்துச் சீமகுர்த்தியில் வெட்டப்பட்டு உலகெங்கும் போகும் 'பிளாக் கேலக்ஸி' காப்ரோ இனத்தது. அதில் பொன்துகள்போல் மின்னுவது பிரான்சைட் என்ற கனிமம். மெய்யான கிரானைட்டில் குவார்ட்ஸ் குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது இருக்கும். காப்ரோவில் அது மிகச் சிறிதே. அமிலம், சூடு, கறை மூன்றுக்கும் அது அசையாது. சாயமேற்றிய போலிக் கறுப்பும் சந்தையில் உண்டு. நகப்பூச்சை அழிக்கும் அசிட்டோனைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்தால் குட்டு வெளிப்படும்.

கல் முடிவாகி, பழைய மேடையை இடித்தார்கள். மறுநாள் காலை சமைக்க வந்த பெண் இடிபாட்டுக் குவியலருகே நின்று, "அம்மா, என் பலகையைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். மேடைக்கு அடியில் நான்கங்குல உயரத்தில் ஒரு மணைப்பலகை இருந்திருக்கிறது. ஒன்பது ஆண்டுகளாகக் காலையில் அதை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று சமைத்துவிட்டு, போகும்போது உள்ளே தள்ளிவிட்டுப் போயிருக்கிறார். வீட்டாருக்கு அது தெரியாததன்று. அதைப் பற்றி நினைத்ததில்லை, அவ்வளவே.

ஆசிரியை 162 செ.மீ. உயரம், அந்தப் பெண் 150. இந்தியப் பெண்களின் சராசரி ஏறத்தாழ 152 என்று தேசியக் குடும்பநல ஆய்வுகள் சொல்வதால், குள்ளம் என்று அவரைச் சொல்வதற்கில்லை. 150 செ.மீ. உயரமுள்ளவரின் முழங்கை தரையிலிருந்து ஏறக்குறைய 94-இல் இருக்கும். அரிவதற்கான பரப்பு அதற்குப் பத்துப் பதினைந்து செ.மீ. கீழே இருக்க வேண்டும். புதிய வரைபடத்தில் மேடை 36 அங்குலம், அதாவது 91 செ.மீ. அதன்மேல் வைக்கும் அடுப்பு 12, வாணலியின் விளிம்புவரை இன்னொரு 10, மொத்தம் 113. கரண்டி பிடித்த கை முழங்கைக்கு மேலே, தோளை நோக்கி ஏறி நின்றபடியே கிளற வேண்டும். மேடையோடு பதித்த அடுப்பை மனத்தில் வைத்து எழுந்த அளவு அது. இங்கே பெரும்பாலான வீடுகளில் அடுப்பு மேடையின்மேல் நான்கு கால்களில் நிற்கிறது.

மேடையைத் தாழ்த்தலாம் என்று ஆசிரியை சொன்னதும் மகன் மறுத்தார். அவர் வாதம் எளிதில் தள்ளக்கூடியதன்று. சமைப்பவர் அடுத்த ஆண்டு வேலையை விட்டுப் போகலாம். கல் முப்பது ஆண்டு இருக்கும். வீட்டுக்காரர்களெல்லாம் உயரமானவர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் தாய் குனிந்து முதுகு வலியோடு நிற்க வேண்டுமா? ஆசிரியை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இவள் போனால் இன்னொருத்தி வருவாள். சம்பளத்துக்குச் சமைக்க வருகிறவள் என்னைவிட உயரமாக இருக்கப் போவதில்லை" என்றார். இரக்கத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. கணக்குப் பாடம் நடத்தியவரின் குரல் அது. பிள்ளைப்பருவத்தில் உண்டதும் உண்ணாததும் எலும்பில் நிற்கும் என்பதையும், வசதிக்கேற்பச் சராசரி உயரம் கூடுவதையும் அந்த ஒற்றை வாக்கியம் தெரிந்தே வைத்திருந்தது.

இரண்டு மட்டங்கள் என்று முடிவாயிற்று. தொட்டி இருக்கும் பகுதி 34 அங்குலம், ஏனெனில் கழுவும் கை தொட்டியின் அடிவரை இறங்க வேண்டும். அடுப்புப் பகுதி 31. ஒரே மட்டம்தான் அழகு என்று மேஸ்திரி முணுமுணுத்தார். அடுப்பைத் தாண்டி, நீரிலிருந்து தள்ளிய சன்னலோரத்தில் மூன்றடி நீளத்துக்குத் தேக்குப்பலகை. மகனின் ஆசைக்கு அவ்வளவு இடம் கிடைத்தது. ராஜஸ்தானத்திலிருந்து வந்த கல் வேலைக்காரர் தொட்டிக்கான துளையைப் பால்கனியில் வைத்து அறுத்தார். முகத்தில் துண்டைக் கட்டியிருந்தார். நுண்தூசுக்குத் துண்டு ஒரு தடையே அன்று. மூடியில் துளையிட்ட தண்ணீர்ப் புட்டியை ஒரு பையன் கத்தியின்மேல் பீய்ச்சிக்கொண்டே இருந்தான். அந்த நீர்தான் தூசை அடக்கியது. புட்டி காலியாகி, பையன் நிரப்பப் போன நேரத்திலும் கத்தி நிற்கவில்லை.

துளையின் மூலைகளை அவர் கூராக விடாமல் வளைத்தார். விரிசல் கூர்மூலையில்தான் தொடங்கும். முன்விளிம்பின் அடியில் நீளவாக்கில் ஒரு காடி வெட்டினார். வழியும் நீர் அதைத் தாண்டி அலமாரிக்குள் போகாமல் சொட்டிவிடும். கல்லைப் படுக்கவைத்துத் தூக்கினால் துளையருகே முறியும் என்பதால், கண்ணாடியைப்போல் நிமிர்த்தியே நால்வர் உள்ளே கொண்டுவந்தார்கள்.

பலகை இனித் தேவைப்படவில்லை. தேக்குக்கு மழைக்கு முன்னால் ஒருமுறை எண்ணெய் பூசினால் போதும். அதை மகன் பூசுகிறார். சமைக்கும் பெண்ணுக்குத் தோள்வலி குறைந்திருக்கிறது. குறை ஒன்று வைத்திருக்கிறார். முன்பெல்லாம் தண்ணீர் நிறைந்த பெரிய பாத்திரத்தைத் தொட்டியருகிலிருந்து கல்லின்மேல் இழுத்துக்கொண்டே போய் அடுப்பருகில் சேர்த்துவிடுவாராம். இப்போது அந்த மூன்றங்குலப் படியில் இரு கைகளாலும் தூக்கி இறக்க வேண்டியிருக்கிறது.