தகட்டை மறக்காத கெத்தே

சில்கேபோர் ஏரிகளில் கெத்தே பிடிக்கப் போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். போன கிழமை ஸ்பின்னரைப் பாய்ந்து கவ்வின அதே இடத்தில், இந்தக் கிழமை ஒன்றும் வராது. "இங்க மீன் முடிஞ்சுது" என்பார் மாமா. முடியவில்லை, படித்துவிட்டது என்பது என் கட்சி.

ஆதாரமும் இருக்கிறது. நெதர்லாந்து ஆய்வாளர் பியூக்கெமா, குளத்தில் கெத்தேகளைப் பிடித்துப் பிடித்துத் திரும்ப விட்டுப் பார்த்தார். முடிவு 1970இல் வெளியானது. ஒருமுறை ஸ்பின்னரில் மாட்டினவை பிறகு அதைப் பெரும்பாலும் தொடவில்லை. ஆனால் முள்ளில் கோத்த உயிர்மீன் என்றால், முன்பு மாட்டினவையும் வந்து கவ்வின! எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது: தகட்டை வெறுத்தால் பட்டினி இல்லை, மீனை வெறுத்தால் பட்டினிதான். கார்ப் மீன்களிலும் அவர் பார்த்தார். ஒருமுறை முள் குத்தினவை ஒரு வருடம் கழித்தும் இலகுவில் அகப்படவில்லை.

எங்கள் வீட்டுச் சண்டை இங்கேதான் தொடங்கும். "சாப்பிடாட்டி ஏன் அதின்ர வாயைக் கிழிக்கிறாய்?" என்று மாமா கேட்பார். விட்டால்தானே பெருகும் என்பது என் டேனிஷ் நண்பர்களின் பதில். ஒரு வருடம் நினைவு வைத்திருக்கிற உயிருக்கு அந்தப் பதில் போதுமா? குழம்புக்கு ஒன்று கிடைத்ததும் நான் தூண்டிலைச் சுற்றிவைத்துவிடுகிறேன். (முள் கூட, பார்த்துச் சாப்பிடுங்கள்.)

18 வயதுக்குக் கீழே என்றால் அரசாங்க மீன்பிடி அட்டை தேவையில்லை. ஆனால் ஏப்ரல் மாதம் ஏரியில் கெத்தே பிடிக்கக் கூடாது.